வடித்தலும் தமிழ்ப் பாடமே

சாங்கியில் இன்று நெல்வயல் இல்லை. கடலைத் தூர்த்து எழுப்பிய நிலத்தில் வானூர்திகள் வந்திறங்குகின்றன. “வயலே இல்லாத நாட்டினர்க்கு மண்ணின் நஞ்சைப் பற்றிய கவலை எதற்கு? அரிசியைச் சோதிக்க அரசு இருக்கிறதே!” என்பார் பலர். இக்கூற்று அறியாமையின்பாற்பட்டது.

அரிசியால் விளையும் கேட்டினைச் சாங்கி முன்பே கண்டது. 1942-இல் ஜப்பானியர் அங்கே அடைத்து வைத்த போர்க்கைதிகளுக்குத் தீட்டிய அரிசியே பெரும்பாலும் உணவாயிற்று. பி1 உயிர்ச்சத்து தவிட்டோடு நீங்கியமையால் ‘பெரிபெரி’ நோய் அவர்களை வாட்டியது. அக்குறை கண்ணுக்குப் புலப்படவில்லை.

இன்றைய கேடும் புலப்படாததே. நீர் தேங்கிய வயலில் உயிர்வளி குன்றுகிறது. மண்ணின் இரும்புச் சேர்மங்கள் கரைய, அவற்றில் ஒட்டியிருந்த ஆர்செனிக் விடுபட்டு வேர்வழி ஏறுகிறது. கனிம ஆர்செனிக் புற்றுநோய்க்குக் காரணமாவது. வெப்பமும் கரியமில வாயுவும் ஒருங்கே மிகுந்தால் அரிசியில் அது கூடும் என்பதை, சீனாவில் 28 நெல்வகைகளைக் கொண்டு பத்தாண்டுகள் நடத்திய ஆய்வு 2025-இல் உணர்த்தியது.

‘முன்னோர் உண்ட கைக்குத்தல் அரிசி எக்கேட்டையும் போக்கும்’ என மேடையில் முழங்குவோரும் சிந்திக்க வேண்டும். அந்நஞ்சு தவிட்டில்தான் மிகுதியாகத் தங்குகிறது. ஆதலின், கோடெக்ஸ் உணவு நெறிமுறை ஆணையம் கிலோவுக்கு வகுத்த உச்ச அளவு தீட்டிய அரிசிக்கு 0.2 மில்லிகிராம், உமி மட்டும் நீக்கிய அரிசிக்கு 0.35 மில்லிகிராம். பழமை என்பதனாலேயே ஒன்று நஞ்சற்றதாகிவிடாது.

எனினும், பழமையில் கொள்ளத்தக்கதும் உண்டு. நிறைய நீரில் அரிசியை வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் கனிம ஆர்செனிக்கில் ஏறத்தாழப் பாதி நீங்கும். தூய குழாய்நீர் வாய்த்த சிங்கப்பூரில் இஃது எளிது. சத்தும் ஓரளவு கஞ்சியோடு போகும் என்பது மெய்யே. பயறும் கீரையும் அதனை ஈடுசெய்யும். ஆனால், மின்சோற்றுப்பானை வந்தபின் வடித்தல் வீட்டைவிட்டு அகன்றது. அச்சொல்லும் மாணவர் நாவைவிட்டு அகல்கிறது.

2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளையரிசியின் ஏற்றுமதியைத் தடுத்தது. அடுத்த மாதமே சிங்கப்பூருக்கு விலக்களிக்க இசைந்தது. மூட்டை வருமா எனக் கவலையுற்றவர், அது விளைந்த மண்ணுக்கும் கவலையுறுதல் வேண்டாவா?

பொங்கல்தோறும் உழவரைப் புகழ்ந்து கட்டுரை எழுதப் பணிக்கும் தமிழாசிரியர், அவ்வுழவர் நிற்கும் சேற்றில் நிகழ்வதை ‘அறிவியல் ஆசிரியர் பணி’ என ஒதுக்குவது முறையன்று. உலை, தவிடு, கஞ்சி, வடித்தல் ஆகிய சொற்களை அவற்றின் பயனோடு கற்பிக்கட்டும். அந்நாள்தான் மாணவரின் தமிழ் தேர்வுத்தாளைக் கடந்து அடுக்களைக்குள் நுழையும்.