பரணில் டி.வி., பாத்தியில் உப்பு

சகோதரர்களே! உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை எட்டிப் பாருங்கள். 2006 முதல் 2011 வரை அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி அங்கேதானே கிடக்கிறது? தமிழகம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெட்டிகள்! பழுதானால் எங்கே போடுவது என்று கொடுத்தவர்களும் சொல்லவில்லை. வரிசையில் நின்று வாங்கிய நாமும் கேட்கவில்லை.

இப்போது அது பழைய இரும்புக்காரரிடம் போகிறது. அவருக்குக் காசு, உள்ளே இருக்கும் செம்பில்தான். குழாயை உடைப்பார், வயரைக் கொளுத்துவார், செம்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியை ஓடைக்கரையில் கொட்டிவிடுவார். அந்தக் குழாயின் புனல் போன்ற பின்பகுதிக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. மரக்காணத்தில் கொட்டினால் மழைநீர் அதை எங்கே கொண்டுபோகும்? உப்பங்கழிக்கும், 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளிக்கும்தானே? நம் பாத்திகளும் மீனும் இறாலும் அங்கேதானே இருக்கின்றன?

அதற்காக இரும்புக்காரரைத் திட்டிப் பயனில்லை. 'காயலான் கடை' என்ற பெயரே காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்பார்கள். சிலர் அதைக் கேலியாகச் சொல்கிறார்கள். ஊர் எறிந்ததைக் காசாக்கும் தொழிலில் என்ன கேலி வேண்டிக்கிடக்கிறது?

ஆனால் மொராதாபாத்தைப் பாருங்கள். பித்தளைத் தொழிலுக்குப் பெயர்போன உத்தரப்பிரதேச நகரம். அந்தத் தொழில் நலிந்ததும் நம் சமுதாயத்து ஏழைகள் பலர் கம்ப்யூட்டர் பலகைகளை எரித்து உலோகம் எடுக்க இறங்கினார்கள். கரிச்சாம்பல் ராம்கங்கை ஆற்றங்கரையில் குவிந்தது. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கொட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தண்டம் என்றது. பொருளைச் செய்து விற்ற பெரிய கம்பெனிகளுக்கு என்ன நேர்ந்தது? புகையைக் குடித்தவன்தான் குற்றவாளி ஆனான்.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், விற்ற பொருளின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரையே பொறுப்பாக்குகின்றன. நல்லதுதான். ஆனால் பதிவு செய்ய வேண்டியவர்களின் பட்டியலில் தயாரிப்பவர், விற்பனைக்குக் கொண்டுவருபவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் மட்டுமே. சைக்கிளில் தெருத்தெருவாக வருகிறவர் அதில் இல்லை. நாமே அவரைச் சேர்த்துக்கொண்டால் என்ன?

செல்போன், மிக்சி கடை வைத்திருக்கும் சகோதரர்களே! கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வையுங்கள். பழைய சார்ஜர், ரிமோட் எல்லாம் அதில் சேரட்டும். செல்போன் பேட்டரிகளைத் தனி டப்பாவில் போடுங்கள். நசுங்கினாலோ குத்துப்பட்டாலோ தீப்பற்றும். இரும்புக் கடைக்காரர்களே! படக்குழாயை உடைக்காதீர்கள், வயரை எரிக்காதீர்கள். பத்துக் கடை சேர்ந்து ஒரு வண்டிச் சுமை சேர்த்தால், பதிவு பெற்ற நிறுவனத்தோடு பேரம் பேசலாம். சென்னையைச் சுற்றி அவை பல இருக்கின்றன.

இளைஞர்களுக்கு ஒரு வேலை. பேரூராட்சிக்கு மனு எழுதுங்கள். பூட்டிய ஒரு கொட்டகையும், மாதம் ஒரு நாள் சேகரிப்பும் கேளுங்கள். மழை முடிந்து உப்பளத்தில் வேலை தொடங்குமுன் அந்த மனு அலுவலக மேசையில் இருக்கட்டும்.