அப்பா நடந்தால் மறதி வராதா? கோலாரிலிருந்து ஒரு விளக்கம்

வீடு பூதிகோட்டையிலோ தங்கவயலிலோ, வேலை பெங்களூருவில். காலை ரயிலைப் பிடிக்க ஓடும் உங்களுக்கு இந்தக் கவலை இருக்கலாம்: "அப்பாவுக்கு மறதி ஜாஸ்தியாயிட்டே போகுதே, தினமும் நடக்கச் சொன்னா சரியாகுமா?"

கோலாரில் என்ன நடக்கிறது?

பெங்களூரு ஐஐஎஸ்சி-யின் மூளை ஆராய்ச்சி மையம், சீனிவாசபுரம் தாலுகா கிராமங்களில் 45 வயதைத் தாண்டியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிக்கும் ஆய்வை நடத்துகிறது. இலக்கு 10,000 பேர். ஏன் கிராமம்? 2023-இல் வெளியான தேசிய மதிப்பீட்டின்படி, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4% பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. அதாவது சுமார் 88 லட்சம் பேர். நகரத்தைவிட கிராமத்தில்தான் விகிதம் அதிகம்.

நடந்தால் மூளையில் என்ன மாறுது?

நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி ஹிப்போகேம்பஸ். வயதாக ஆக இது சுருங்கும். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஓராண்டு வேகமாக நடந்தவர்களுக்கு இந்தப் பகுதி சுமார் 2% வளர்ந்தது. வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களுக்கு 1.4% சுருங்கியது.

அப்போ மறதி வரவே வராதா?

அப்படிச் சொல்ல முடியாது. 2024 லான்செட் ஆணையம், தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உடலுழைப்பின்மை அதில் ஒன்றுதான், அதன் நேரடிப் பங்கும் சிறியது. ஆனால் அதே பட்டியலில் உள்ள ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன் மூன்றையும் உடற்பயிற்சி கட்டுப்படுத்த உதவும்.

இன்னொன்று: டிமென்ஷியா வந்த 494 பேரிடம் பிரிட்டனில் நடந்த பரிசோதனையில் (2018), பயிற்சி உடல்திறனைக் கூட்டியது, அறிவுத்திறன் சரிவைத் தடுக்கவில்லை. அதனால், வந்த பிறகு அல்ல, நடுவயதிலேயே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். இது அப்பாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

எவ்வளவு போதும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிடம் மிதமான பயிற்சி. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். 65 வயதுக்கு மேல் என்றால், வாரம் 3 நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும்.

மறதி ஏற்கெனவே கூடிக்கொண்டே போகிறதா? நடைப்பயிற்சிக்கு முன் டாக்டரைப் பாருங்கள். பி12 குறைபாடு, தைராய்டு போன்ற சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம். அடுத்த லீவில் ஊருக்குப் போனால் அப்பாவுக்கு அட்வைஸ் வேண்டாம். கூடவே அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.