உடம்பு நல்லாத்தானே இருக்கு!

காரைக்குடிப் பக்கம் ஏதாவது ஒரு மருந்துக்கடை முன் மாலை நேரத்தில் சற்று நின்றால், இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"தம்பி, முட்டிவலி தாங்கல. போன தடவை குடுத்த மாத்திரையே குடுப்பா. அப்படியே சளிக்கும் ஒரு நாலு மாத்திரை."

"சரி ஆச்சி. பிரஷர் மாத்திரை வேணுமா?"

"அது எதுக்கு? நிப்பாட்டி ரெண்டு மாசமாச்சு. உடம்பு நல்லாத்தானே இருக்கு!"

இது ஒரு ஆச்சியின் கதை மட்டுமல்ல. படித்தவர், படிக்காதவர் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். தேவையில்லாத மாத்திரைக்கு அவசரம். தேவையான மாத்திரைக்கு விடுமுறை! இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உடல்நலத்தை மக்கள் வலியை வைத்தே எடை போடுகிறார்கள்.

வலி நல்ல காவல்காரன்தான். ஆனால் எல்லாத் திருடர்களையும் அவனுக்கு அடையாளம் தெரியாது. இரத்த அழுத்தம் 160-ஐத் தாண்டினாலும் பலருக்குத் தலைவலிகூட வருவதில்லை. சர்க்கரையும் அப்படியே, சத்தமில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். மாத்திரை சாப்பிடுவதால் அழுத்தம் கட்டுக்குள் இருக்கும்போது நோயே போய்விட்டது என்று நினைப்பது, குடைக்குள் நிற்பவர் தான் நனையவில்லை என்பதால் மழை நின்றுவிட்டதாக நினைப்பது போலத்தான்.

இனி அந்த மற்ற மாத்திரைகள். சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. தேவையில்லாமலும் அரைகுறையாகவும் விழுங்கினால் கிருமிகள்தான் பலம் பெறும். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே 1945-இல் நோபல் உரையில் இதை எச்சரித்தார். இந்தியாவில் முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை 2014 முதல் எச்1 பட்டியலில் சேர்த்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டமும் வந்தது. வலி மாத்திரையோ இன்னும் மோசம். தினமும் சாப்பிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வலி மாத்திரையைத் தொடரும் ஆச்சிக்கு இரட்டை நஷ்டம்!

"நல்லா இருக்கேன்" என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம்? பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002-இல் ஒரு கட்டுரையில் இதைக் காட்டினார். கேரளத்தில் ஆயுள் அதிகம். நோய் இருப்பதாகச் சொல்பவர்களும் அங்கேதான் அதிகம். பீகாரில் ஆயுள் குறைவு; நோய் இருப்பதாகச் சொல்பவர்களும் குறைவு. கல்வியும் மருத்துவ வசதியும் உள்ள இடத்தில்தான் மனிதன் தன் நோயை அறிகிறான்.

அதற்காக மாத்திரையே கதி என்பதும் சரியல்ல. கல்யாண விருந்தில் கந்தரப்பமும் கவுனி அரிசியும் போதும் போதும் என்கிற அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு, "ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கலாம்" என்பவர்கள் எத்தனை பேர்! திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தில் வள்ளுவர் அதிகம் பேசுவது மருந்தைப் பற்றி அல்ல, அளவான சாப்பாட்டைப் பற்றித்தான்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போவது வீட்டில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது.

மாத்திரையைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் மருத்துவர் முடிவு செய்யட்டும். உடம்பு நல்லா இருக்கிறதா என்பதை உடம்பிடம் மட்டும் கேட்டால் போதாது. அளந்தும் பார்க்க வேண்டும்.