காமிரா இருக்கிறது, பார்வை எங்கே?

புகைப்படக் கலை பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். அதில் உண்மையும் இருந்தது. பிலிம் வாங்கி, கழுவி, பிரதி எடுத்து முடிப்பதற்குள் ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தில் கணிசமான தொகை கரைந்துவிடும். இன்று நிலைமை வேறு. ஜனக்புரியில் வேலை பார்க்கும் கொத்தனாரிடமும் காமிரா உள்ள கைபேசி இருக்கிறது. அலுவலகக் குமாஸ்தாவிடமும் இருக்கிறது. எத்தனை படம் எடுத்தாலும் தனிச் செலவு கிடையாது. ஆனால் எடுக்கும் படங்களோ ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. இந்தியா கேட் முன்னால் ஒன்று, குதுப்மினார் முன்னால் ஒன்று, கல்யாண வீட்டில் வரிசையாக நின்று ஒன்று. யார் எடுத்த படம் என்று பெயரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வண்ணப் படத்தில் நிறத்தை நீக்கிவிட்டால் அது கலைப்படம் ஆகிவிடும் என்றும் பலர் எண்ணுகிறார்கள். இது தவறான எண்ணம். பச்சைச் சுவர் முன்னால் சிவப்புப் புடவை கட்டிய பெண்மணி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்ணத்தில் புடவை பளிச்சென்று தெரியும். கறுப்பு வெள்ளையிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகி, ஆள் சுவரோடு கலந்துவிடக்கூடும். ஆகவே கறுப்பு வெள்ளையில் எடுப்பவர் நிறத்தை மறந்துவிட்டு, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்க்கப் பழக வேண்டும். தமிழ்ப் பெண்களுக்கு இது புதிய பாடம் அல்ல. ஈரத் தரையில் வெள்ளை மாவினால் போடும் கோலமும் கறுப்பு வெள்ளைதான். புள்ளி வைக்கும்போதே முழுக் கோலமும் மனத்தில் இருக்கிறது அல்லவா?

இதற்கு டில்லியிலேயே சிறந்த உதாரணம் உண்டு. ரகு ராய் சிவில் என்ஜினீயரிங் படித்தவர். 1966-ல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் புகைப்படக்காரராகச் சேர்ந்தார். புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே பிரெஸோன், தாம் நிறுவியவர்களில் ஒருவராக இருந்த மாக்னம் அமைப்புக்கு 1977-ல் அவர் பெயரை முன்மொழிந்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த படங்களில் பல, டில்லியின் சந்துகளிலும் கடைவீதிகளிலும் எடுத்தவை. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து போகும் அதே தெருக்களில் அவர் திரும்பத் திரும்ப நடந்தார். மற்றவர்கள் பாராததைப் பார்த்தார். தனிப் பார்வை என்பது இதுதான்.

இன்னொரு சான்று துயரமானது. 1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்தில் இறந்த ஒரு குழந்தையை மண்ணில் புதைக்கும் காட்சியை இருவர் படம் எடுத்தார்கள். பாப்லோ பார்த்தலோமியூ எடுத்த வண்ணப் படம் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் அவ்வாண்டின் சிறந்த படம் என்ற விருதைப் பெற்றது. ரகு ராய் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அதில் மண்ணும் கல்லும் சூழ்ந்த சிறு முகத்தின் மேல் ஒரு கை படிந்திருக்கிறது. குழந்தை ஒன்றுதான், குழியும் ஒன்றுதான். படங்கள் இரண்டு; இரண்டும் உலகை உலுக்கின. பார்ப்பவர் வேறானால் படமும் வேறாகும் என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

கறுப்பு வெள்ளைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-ல் ஊட்டியில் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் பிலிமும் புகைப்படத் தாளும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. காலம் மாறியது, ஆலை நலிந்து மூடப்பட்டது. ஆனால் அந்தக் காலம் கற்பித்த சிக்கனம் இன்றும் பயன்படும். அக்பா கிளிக்-3 காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான். பதின்மூன்றாவது படம் இல்லை என்று தெரிந்தவர் பொத்தானை அழுத்துமுன் யோசித்தார். கைபேசியில் ஒரே நிமிஷத்தில் நாற்பது படம் எடுப்பவர் யோசிப்பதில்லை.

இதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். அவர்களுக்குத்தான் மிகவும் தேவை. ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரமாகப் பல பத்தாண்டுகள் இருந்த மதராஸி கேம்ப், நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கே சுமார் 370 வீடுகள் இருந்தன. எல்லாக் குடும்பங்களுக்கும் நரேலாவில் மாற்று வீடு கிடைக்கவில்லை. இடித்த அன்று காமிராக்கள் வந்தன; புல்டோசர் படத்தில் விழுந்தது. ஆனால் அதற்கு முந்தைய நாட்களில் அந்தச் சந்துகளில் மாலை வெளிச்சம் எப்படி விழுந்தது, எந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்து பூக்கட்டினார்கள் என்பதை வெளியார் வந்து எடுக்கமாட்டார்கள். அங்கே வாழ்ந்தவர்தான் எடுக்க முடியும்.

ஜனக்புரி இடிபடும் குடியிருப்பு அல்ல. ஆனாலும் அங்குள்ள தமிழர் வாழ்வும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. இன்றைய தலைமுறையின் பிள்ளைகள் நாளை எந்த ஊரில் இருப்பார்களோ! ஆகவே, ஆர்வம் உள்ளவர்கள் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். அது பங்கா ரோடு பஸ் நிறுத்தமாக இருக்கலாம். தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியின் வாசலாக இருக்கலாம். சொந்தப் பிளாட்டின் மாடிப்படியாகவும் இருக்கலாம். ஆறு மாதம் அதே இடத்துக்குப் போகட்டும். நாளுக்கு 12 படங்களுக்கு மேல் வேண்டாம். மனிதர்களை எடுக்குமுன் அனுமதி கேட்பது மரியாதை. மார்கழிக் கோலமும் டில்லி மூடுபனியும் ஒரே மாதத்தில் வருவது கறுப்பு வெள்ளைக்குக் கிடைத்த வரப்பிரசாதம். ஆறு மாத முடிவில் பத்தே படங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிட வேண்டும். எதை ஒதுக்குகிறோம் என்பதில்தான் ஒருவருடைய பார்வை உருவாகிறது.

1946-ல் தோன்றிய டில்லித் தமிழ்ச் சங்கமும், ஏழு பள்ளிகளை நடத்தும் தமிழ்க் கல்விக் கழகமும் இதற்கு உதவ முன்வர வேண்டும். பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு முறை ஒரு கூடத்தின் சுவரை ஒரு வாரம் ஒதுக்கித் தந்தால் போதும். தொழிலாளியும் குமாஸ்தாவும் இல்லத்தரசியும் எடுத்த படங்கள் அங்கே வரிசையாகத் தொங்கட்டும். தலைநகரின் தமிழர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது.