குரல் நல்லா இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள், ஆனால் படியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண் போன வாரம் போன் செய்தாள. அவள் மகள் எட்டாம் வகுப்பு. ஏதோ ஒரு பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்தபோது, "சுருதி சரியா இருக்கு, ஆனா குரல் இனிமையா இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அன்றிலிருந்து பிள்ளை வீட்டில்கூடப் பாடுவதில்லை. "டீச்சர், ஒருத்தர் குரல் நமக்குப் பிடிக்கிறதுக்கு என்னதான் காரணம்? பிறவியிலேயே வரணுமா?" என்று கேட்டாள். பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள்.

என் கருத்து இதுதான்: இனிமையான குரல் வேறு, ஈர்க்கும் குரல் வேறு. முதலாவது பிறவியில் வரலாம். இரண்டாவது உழைப்பில் வருவது.

முதலில் குரல் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். தொல்காப்பியர் பிறப்பியலில் இதைச் சொல்லிவிட்டார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றின் தொழிலால் எழுத்தாகிறது. இன்றைய அறிவியலும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. தொண்டையில் இரண்டு குரல் நாண்கள். பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 முறையும், பெண்களுக்கு 200 முறை அளவிலும் அதிர்கின்றன. அந்த அதிர்வு மட்டும் வெறும் ரீங்காரம். தொண்டை, வாய், மூக்கு என்ற அறைகளில் புகுந்து வரும்போதுதான் அது "இன்னார் குரல்" ஆகிறது. ஒவ்வொருவர் அறையும் வேறு வேறு அளவு. அதனால் ஒருவர் குரல்போல இன்னொருவருக்கு இல்லை. பிள்ளையின் குரலைக் குறை சொல்வது மூக்கைக் குறை சொல்வது மாதிரிதான்.

அடுத்தது, "இனிமை" என்று நாம் சொல்வது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. நாடகக் கொட்டகைக் காலத்தில் மைக் கிடையாது. செங்கோட்டை கிட்டப்பாவும் (1906–1933) கொடுமுடி சுந்தராம்பாளும் (1908–1980) கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டியிருந்தது. மேல் கட்டையில் கணீரென்று எடுத்தால்தான் அன்று பாட்டு. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி, மேலை நாட்டு ஓபரா பாடகர்களின் குரலில் நொடிக்கு 3000 அதிர்வுகளை ஒட்டி ஒரு தனி வலு இருப்பதைக் காட்டினார். நம் காது நன்றாகக் கேட்பதும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான். மைக் இல்லாமலே அவ்வளவு வாத்தியங்களுக்கு மேலே குரல் கேட்பது அதனால்தான். நம் நாடகப் பாடகர்களும் பெயர் தெரியாமலே இப்படி ஏதோ ஒரு வித்தையைப் பழகியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

பேசும் படம் வந்த பிறகும் கொஞ்ச காலம் அந்த ருசி நீடித்தது. தியாகராஜ பாகவதரின் ஹரிதாஸ் 1944-இல் வந்து மூன்று தீபாவளி கண்டது. பிறகு மைக்கின் அருமை புரிந்தது. காதருகே பேசுவது மாதிரி பாடிய ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் வந்தார்கள். மைக் இல்லாத கொட்டகையில் அந்த மென்மை மூன்றாம் வரிசையைத் தாண்டியிருக்காது. மைக் வந்ததும் அதே மென்மை ஊரையே மயக்கியது. ஆக, குரல் நல்லதா இல்லையா என்பதில் பாதி, அது எந்த இடத்தில், எந்தக் கருவியில் ஒலிக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்று தள்ளப்படும் குரல் நாளைக்கு வேண்டப்படும் குரலாக இருக்கலாம்.

அப்படியானால் காலம் மாறினாலும் மாறாமல் நம்மை இழுப்பது எது? நான் கேட்டுக் கேட்டுக் கண்டது மூன்று.

ஒன்று, சொல் தெளிவு. டி.எம். சௌந்தரராஜன் பாட்டில் ஒரு எழுத்துகூட நமக்குத் தப்பாது. வல்லினம் வல்லினமாக, ழகரம் ழகரமாக நிற்கும். 1954-இல் தூக்குத்தூக்கியில் சிவாஜிக்குப் பாடினார், அதே ஆண்டு மலைக்கள்ளனில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். இரண்டு பேருக்கும் அவர் பாடியதை வானொலியில் கேட்டாலே இது யாருக்கு என்று நம் அப்பாமார்கள் சொல்லிவிடுவார்கள். குரல் ஒன்றுதான். வாயையும் மூச்சையும் வைக்கும் விதம் வேறு. இது பிறவியில் வருவதா, பயின்று வருவதா?

இரண்டு, சொல்வதை நம்பிப் பாடுவது. நாகூர் ஹனீபா (1925–2015) குரலில் வழவழப்பு கிடையாது. முரசு மாதிரி முழங்கும். கட்சி மேடையிலும் பாடினார், தர்காவிலும் பாடினார். அவர் பாடிய இஸ்லாமியப் பாட்டை இந்து வீட்டுக் கல்யாண ஒலிபெருக்கியில் நானே கேட்டிருக்கிறேன். யாரும் முகம் சுளித்ததில்லை. பாடுகிறவர் மனதார நம்புகிறார் என்று தெரிந்தால் கேட்கிறவர் மதம் பார்ப்பதில்லை.

மூன்று, குரலில் வாழ்ந்த தடம். ஸ்வர்ணலதா குரலில் மெல்லிய கரகரப்பு ஒன்று உண்டு. கருத்தம்மா படத்துக்காக அவருக்குத் தேசிய விருது வந்தது. அந்தக் கரகரப்பை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் சோகமே இருக்காது. பரவை முனியம்மா பாட்டி வயதில் 2003-இல் தூள் படத்தில் பாடி நாடெங்கும் தெரிந்தார். வயலிலும் கோயில் கொடையிலும் பாடிப் பழகிய தொண்டை அது. அந்தத் தொண்டையை எந்தப் போட்டியில் "இனிமை" என்ற கட்டத்தில் மார்க் போட்டு அளப்பீர்கள்?

நம் புதுப்பட்டினம் குப்பத்துப் பிள்ளைகளின் குரலையும் இங்கே சொல்ல வேண்டும். அலை இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி உரத்துப்போன குரல். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்வதைக் கேட்டு வளர்ந்த காது. தாளம் அவர்களுக்குக் கையிலேயே இருக்கும். வகுப்பில் "மெதுவா பேசு" என்று நாம் அடக்குவது அந்தக் குரலைத்தான்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி வரும். "அப்படின்னா யார் வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் பாடலாமா டீச்சர்?" கூடாது. சுருதி விலகினால் எந்தக் குரலும் காதைக் குத்தும். தாளம் தப்பினாலும் அப்படியே. எஸ்.பி. பாலசுப்ரமணியம் முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்தவர் இல்லை. ஆனால் சங்கராபரணம் படத்தில் சங்கீத வித்வானுக்காகப் பாடி தேசிய விருது வாங்கினார். பின்னணியில் எவ்வளவு உழைப்பு இருந்திருக்கும் என்று யோசியுங்கள். சுருதி, தாளம், மூச்சு, உச்சரிப்பு நான்கும் சொல்லிக்கொடுத்தால் வருபவை. அவற்றில் குறை இருந்தால் பிள்ளையிடம் தாராளமாகச் சொல்லுங்கள், கூடவே திருத்தும் வழியையும் சொல்லுங்கள். குரலின் நிறத்தைக் குறை சொன்னால் அந்தப் பிள்ளை எதைத் திருத்தும்?

இன்னொன்று. 2024-இல் லால் சலாம் படத்தில் மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் கணினி வழியாக மறுபடி கொண்டுவந்தார்கள், குடும்பத்தாரின் அனுமதியோடு. பம்பா பாக்யா குரலை நினைத்துப் பாருங்கள். கிணற்றடியிலிருந்து வருவது மாதிரி அடிக்கனம். வழக்கமான "இனிமை"க்கு வெகு தூரம். இயந்திரத்தை வைத்தாவது திரும்பக் கேட்க வேண்டும் என்று தோன்றியது அப்படிப்பட்ட ஒரு குரலைத்தான். வழவழப்பான குரலை இனி இயந்திரமே எவ்வளவு வேண்டுமானாலும் செய்து தரும். தனக்கென்று ஒரு தடம் உள்ள மனிதக் குரலுக்குத்தான் இனி மதிப்பு கூடும் என்று நினைக்கிறேன்.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு மூன்று வேண்டுகோள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வருடம் முழுக்க அதே மூன்று பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு ஒரு குழுவாக மாற்றுங்கள். வாயசைத்தால் போதும் என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்.

ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பையன்களுக்கு மகரக்கட்டு வரும். குரல் நாண்கள் நீண்டு தடிக்கும் பருவம் அது. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், நடுநடுவே உடையும். அப்போது வகுப்பு சிரிக்கும். சிரிப்பை நிறுத்துவது உங்கள் வேலை. மேல் கட்டையில் கத்தவிடாமல் அவனுக்கு வசதியான சுருதியில் பாடவிடுங்கள். பல பையன்கள் வாழ்நாள் முழுக்கப் பாட்டை விடுவது அந்த ஒரு வருடத்தில்தான்.

கடைசியாக, போட்டிக்கு நடுவராகப் போனால் "இனிமை" என்று தனியாக மார்க் போடாதீர்கள். சுருதிக்கு, தாளத்துக்கு, உச்சரிப்புக்கு, உணர்ச்சிக்குப் போடுங்கள். தோற்ற பிள்ளைக்கும் எதில் குறைந்தது என்று தெரியும், அடுத்த வருடம் திருத்திக்கொண்டு வரும்.

உங்கள் பள்ளியில் இப்படி வேறு வழி ஏதாவது செய்து பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.