கரப்பானும் அங்கன்வாடி முட்டையும்: ஐயத்தின் பேரில் குழந்தையின் உணவை நிறுத்தலாமா?

தமிழில் ‘கரப்பான்’ என்பது தோல் நோயின் பெயர்; ‘கரப்பான் பண்டம்’ என்பது அந்நோயைத் தூண்டுவதாகக் கருதப்படும் உணவின் பெயர். கத்தரிக்காய், கருவாடு எனத் தொடங்கும் அப்பட்டியலில் பல வீடுகளில் முட்டையும் நிலக்கடலையும் சேர்ந்துவிடுகின்றன. குழந்தையின் தோலில் அரிப்பு கண்டவுடன் உணவைக் குறைக்கும் வழக்கம் இதிலிருந்து எழுகிறது. தாய், தந்தை இருவரும் பனியன் நிறுவனங்களுக்கு வேலைக்குச் செல்லும் திருப்பூர்க் குடும்பங்களில், குழந்தையின் ஒரு நாள் உணவு பாட்டி, அங்கன்வாடிப் பணியாளர், நிறுவனக் காப்பகம் எனப் பலர் கைகளில் உள்ளது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதில் அனைவருக்கும் ஒரே தெளிவு இருப்பது இங்கு மிகவும் தேவை.

எது முதலில்: தோலா, உணவா?

குழந்தைப் பருவக் கரப்பான் (எக்ஸிமா) தொற்றுநோய் அன்று. தோலின் வெளிப்புறத் தடுப்பு பிறவியிலேயே வலுக்குறைந்து இருப்பதே அதன் அடிப்படை. ஈரம் வெளியேறித் தோல் உலர்கிறது. அரிப்பும் வெடிப்பும் தொடர்கின்றன. லேசான கரப்பான் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உணவு ஒவ்வாமை இருப்பதில்லை. நோய் கடுமையாக இருந்தாலும், மிக இளம் வயதில் தொடங்கியிருந்தாலும் அதற்கான வாய்ப்பு கூடுகிறது.

உணவு தோலைக் கெடுக்கிறது என்பதே பழைய கருத்து. வெடித்த தோல் வழியாக நுழையும் உணவுப் புரதமே ஒவ்வாமைக்கு வழி திறக்கக்கூடும் என்பது இன்றைய மருத்துவ அறிவு. நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகள் பூசப்பட்ட கைக்குழந்தைகளிடம் பின்னாளில் கடலை ஒவ்வாமை மிகுதியாக இருந்ததை 2003இல் வெளியான பிரிட்டன் ஆய்வு சுட்டியது. 2015இல் அங்கு வெளியான மற்றோர் ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகள் பங்கேற்றனர். முதல் வயதிலேயே கடலை உணவைத் தொடர்ந்து உண்டவர்களிடம், ஐந்தாம் வயதில் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. எனவே அச்சத்தால் உணவைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பு ஆகாது. கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கு மட்டும், இவ்வுணவுகளை முதன்முறை தருமுன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

இரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?

போதாது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவரின் இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான கூறு காணப்பட்டது. உண்மையான உணவு ஒவ்வாமை இருந்ததோ நூற்றில் ஒருவர் அளவுக்கே. பரிசோதனை முடிவை மட்டும் நம்பினால், உண்ணத்தக்க உணவுகள் பலவும் விலக்கப்பட்டுவிடும். உண்ட சில நிமிடங்கள் முதல் 2 மணி நேரத்திற்குள் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி ஆகியவை தோன்றினவா என்ற வரலாறே முதன்மையான சான்று.

திட்டங்களில் உள்ள வழியும் இடைவெளியும்

தமிழக அங்கன்வாடிகளில் 2 வயதைக் கடந்த குழந்தைகளுக்கு வாரம் 3 முட்டைகள் வழங்கப்படுகின்றன. முட்டை உண்ணாதோருக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 1 கிராம் மட்டுமே. காரணமின்றி முட்டையை நிறுத்தும்போது குழந்தை இழப்பது இதையே. உண்மையாகவே ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு, ஈடான புரதத்தை வீட்டில் பருப்பு, பயறு வழியாக அளிக்க வேண்டும்.

2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது. அக்குழு ஆராயும் 30 குறைபாடுகளில் கரப்பான் உண்டு. உணவு ஒவ்வாமை தனித் தலைப்பாக இல்லை. ஆகவே எந்த உணவுக்குப் பின் என்ன நேர்ந்தது என்பதைப் பெற்றோரே எழுதிவைத்துக் குழுவிடம் கூற வேண்டும். தேவைப்படின் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மேல் சிகிச்சை பெறலாம்.

50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள் குழந்தைக் காப்பக வசதி அளிக்க வேண்டும் என்ற விதியை 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஒவ்வாமை விவரம் அக்காப்பகத்திலும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

• குளிப்பாட்டிய சில நிமிடங்களுக்குள், ஈரம் உலருமுன், மணமற்ற ஈரப்பதக் களிம்பை உடல் முழுதும் பூசவும். நாள்தோறும் இருமுறையாவது இது தேவை.
• வெடித்த தோலில் கடலை எண்ணெய், கடலை மாவு, பயற்றம் மாவு, பால் ஆகியவற்றைத் தேய்க்க வேண்டாம்.
• மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பைக் குறித்த அளவில், குறித்த நாள்கள் வரை பயன்படுத்தவும். அச்சத்தால் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். சீட்டின்றி மருந்துக் கடையில் வாங்குவதும் தவறு. 2018 முதல் இக்களிம்புகள் பல மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை.
• மென்மையான பருத்திப் பின்னலாடையே ஏற்றது. புதுத் துணியில் எஞ்சியிருக்கும் சாயமும் மெருகூட்டும் வேதிப்பொருளும் உறுத்தக்கூடும். துவைத்த பின்னரே அணிவிக்கவும். கழுத்து லேபிளை நீக்கவும்.
• பணியிலிருந்து திரும்பியவுடன் பஞ்சுத் தூசு படிந்த உடையை மாற்றிக் கைகளைக் கழுவிய பின் குழந்தையைத் தூக்கவும்.
• உப்பு நீர் தோலை உலர்த்தலாம். எனினும் நீர் மென்மையாக்கும் கருவியால் கரப்பான் குறையவில்லை என 2011இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று கண்டது. அதற்குச் செலவிட வேண்டியதில்லை.
• ஒவ்வாமை உறுதியானால், பொட்டல உணவின் லேபிளைப் படிக்கவும். பால், முட்டை, மீன், கோதுமை, சோயா, நிலக்கடலை முதலியவை சேர்ந்திருப்பின் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி.
• முட்டை, பால் ஒவ்வாமை பல குழந்தைகளிடம் வளர வளர மறைகிறது. விலக்கிய உணவை மீண்டும் தொடங்குவது குறித்து மருத்துவரிடம் அவ்வப்போது கேட்கவும். வீட்டில் தாமாகச் சோதிக்க வேண்டாம்.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

உணவுக்குப் பின் மூச்சுத்திணறல், குரல் கம்மல், நாக்கு வீக்கம், மயக்கம், உடல் துவளுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108ஐ அழைக்கவும். குழந்தையைப் படுக்க வைக்கவும். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வைக்கவும். தூக்கி நடக்க வேண்டாம். இந்நிலைக்கு உரிய மருந்து தொடையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்கான சிரப் அதற்கு ஈடாகாது. காய்ச்சலுடன் தோலில் சீழோ நீர்க்கொப்புளமோ பரவினால் அன்றே மருத்துவரிடம் காட்டவும். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம்.