மூட்டாத சாரன்

பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்பைப் படித்து எரிச்சல்படுவது என் வாராந்தக் கடமைகளில் ஒன்று என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்தக் கிழமை எரிச்சலுக்குப் பஞ்சமே இல்லை. முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை. மூன்று மாதத்துக்கு 33 உருப்படிகள் போதுமாம். சப்பாத்தும் நகையும் அந்தக் கணக்குக்குள் அடக்கம். மிச்சத்தைப் பெட்டியில் போட்டுக் கட்டிக் கண்ணில் படாமல் வைத்துவிட வேண்டும். 2010இல் கோர்ட்னி கார்வர் என்ற அமெரிக்கப் பெண்மணி தொடக்கி வைத்த யோசனை இது. அதற்கு முன்பே, 1970களில், சூசி ஃபோ என்பவர் லண்டனில் கடை வைத்து, அளவான உடுப்போடு வாழும் வித்தையைப் போதித்திருக்கிறார். இருவர் மீதும் எனக்குக் கோபமில்லை. அதை அப்படியே தமிழில் இறக்கி, குளிர்காலக் கோட்டைக்கூட எடுக்காமல் நமக்குப் பரிமாறியவர் மீதுதான்.

எங்கள் ஊரான வந்தாறுமூலையில் அலுமாரியை ஆள்வது காற்று. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது பருத்தியைத் தவிர வேறெதையும் உடம்பு தாங்காது. கார்த்திகை பிறந்து மாரி பிடித்துவிட்டால், அதே பருத்தி நாட்கணக்கில் கொடியில் தொங்கியும் காயாமல் புளித்த வாடை அடிக்கும். அப்போது பொலியெஸ்டர்தான் தெய்வம். ஆக ஒரு மனிசனுக்கு இரண்டு அலுமாரி வேண்டும். 33 எந்த மூலைக்கு?

இலங்கையின் ஏற்றுமதிப் பொருட்களில் முதலிடம் ஆடைக்கு. ஆனால் நம் ஊர்ச் சந்தைக்கு வருவது கழித்துவிட்டவை. கழுத்தடியில் இருக்கும் பெயர்த்துண்டைப் பாதியாகக் கத்தரித்திருப்பார்கள், அல்லது கறுப்பு மையால் கோடிழுத்திருப்பார்கள். என்னிடம் உள்ள ஒரு சேட்டுக்கு இடது கை அரை அங்குலம் நீளம். அது பரவாயில்லை, மடித்து விடலாம். அதில் பை இல்லை. இதோ வந்துவிட்டான் பழைய வழக்குக்கு என்று சிலர் அலுத்துக்கொள்வீர்கள். அலுத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி, பேனை, பஸ் மிச்சக்காசு, கிளினிக் துண்டு எல்லாவற்றையும் அறுபது வயது ஆண்பிள்ளை எங்கே வைப்பது? நவநாகரிகம் என்ற பெயரில் நெஞ்சுப்பையை ஒழித்தவர்கள் யாருக்கும் வெற்றிலை வாங்கிக் கொடுத்த அனுபவம் இருந்திருக்காது. எங்கள் சந்தித் தையற்காரர் சேட்டின் வால்பக்கத்தில் துண்டு வெட்டி, நெஞ்சில் பை வைத்துத் தருவார். கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டுப் போட்டதுபோல இருக்கும். இருக்கட்டும்.

அந்தக் கட்டுரையின் இன்னொரு கட்டளை, நமக்குப் பிடித்ததை நாமே தெரிவு செய்ய வேண்டுமென்பது. இந்த நாட்டில் எவர் எதைத் தெரிவு செய்கிறார்? கம்பஸ் ஒன்றை வாசலில் வைத்திருக்கும் ஊர் எங்களுடையது. 1981இல் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகியது. இலங்கையின் கம்பஸ்களுக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு எதை உடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று மூத்த மாணவர்கள் சட்டம் போடுவது நெடுநாள் வழக்கம். இத்தனைக்கும் பகிடிவதைக்கு எதிரான சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் பட்டம் பெற்று அரச வேலைக்குப் போனால் சுற்றறிக்கை காத்திருக்கும். 2019 மே மாத இறுதியில், அரச அலுவலகப் பெண்கள் சேலையோ, ஒசரி என்ற கண்டியச் சேலையோதான் உடுக்க வேண்டும் என்று ஒன்று வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில வாரங்களில் மாற்றினார்கள். 2022இல், எரிபொருளுக்கு வரிசையில் நின்று களைத்த காலத்தில், வசதியான உடுப்போடு வரலாம் என்றார்கள். அந்த வருடம் நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையில்லாமல் பள்ளிக்கூடம் போனதும், அது ஆசிரியர்களுக்குப் பொருந்தாது என்று கல்வி அமைச்சு கையை விரித்தது.

இதையெல்லாம் விரிவாக எழுதி, கடைசியில் 33க்கு ஒரு மாற்றுக் கணக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மருதமுனைச் சாரன் வியாபாரி. பின்சீற்றில் பெரிய பொதி.

"சேர், இந்த முறை நீலத்தில ஒண்டு நெசவாகி வந்திருக்கு, பாருங்க."

"போன முறை வாங்கினதே கிடக்கு காக்கா."

"அது கிடக்கட்டும். இதைத் தொட்டுப் பாருங்க மறுகா பேசுவம்."

தொட்டேன். மூட்டாத சாரன், விரித்தால் நீளத் துணி. கைத்தறியென்றால் கரையைப் பார்க்க வேண்டும். நாடா திரும்பும் இடத்தில் ஊடுநூல் ஒரு சீராக இராது, சில இடத்தில் இறுகியும் சில இடத்தில் தளர்ந்தும் கிடக்கும். நெய்தவரின் கை எப்போது களைத்தது என்று கரையிலேயே வாசிக்கலாம். விசைத்தறித் துணியின் கரையில் வாசிக்க ஒன்றுமில்லை. மருதமுனை முழுக்கத் தறிச்சத்தம் கேட்ட காலத்தை வியாபாரி சொன்னார். இப்போது நூலும் சாயமும் வெளியிலிருந்து வர வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது எத்தனையோ தறிகள் நின்றன. நின்றதெல்லாம் திரும்ப ஓடவில்லை.

அவர் போன பிறகு கட்டுரை மறந்துவிட்டது. ஆனந்த குமாரசுவாமியை எடுத்துப் புரட்டத் தொடங்கிவிட்டேன். ஐரோப்பிய உடையை இரவல் வாங்கும் இலங்கையரைக் கண்டித்து 1905இல் அவர் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். கனிம ஆய்வுக்கென்று அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தவர், கல்லைத் தேடிப் போன ஊர்களில் நெசவையும் பாய் பின்னுதலையும் கண்டு கைவினைகளில் விழுந்துவிட்டார். 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அதன் விளைவு. 425 பிரதிகள்தான், கையச்சு. கண்டி நாட்டைப் பற்றியது, எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காதது என்ற குறை எனக்கு உண்டு.

ஆனால் என் மனம் அவரிடமில்லை, அவருடைய மனைவி எதெலிடம். கணவரோடு 1903இல் இலங்கைக்கு வந்தவர். அந்த நூலுக்குப் படம் பிடித்தவர். இங்கே கைத்தொழில் செய்பவர்களின் பக்கத்தில் நின்று பார்த்த பழக்கம் அவரை விடவில்லை. ஊருக்குத் திரும்பி, பிறகு மணமுறிவும் மறுமணமும் ஆகி, எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்தில் தறி போட்டார். மரப்பட்டையும் வேரும் இலையும் கொண்டு சாயமிடுவது பற்றி 1916இல் ஒரு நூல் எழுதினார். அரச வடிவமைப்பாளர் என்ற பட்டம் 1937இல் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது அவருக்குத்தான். கணவர் இரவல் உடுப்பைப் பற்றி உபதேசித்தார். மனைவி உட்கார்ந்து நெய்யப் பழகினார். இரண்டில் எது பெரியதென்று என்னிடம் கேட்டால், தயங்காமல் தறிப்பக்கம் போவேன்.

வேட்டிப் பிரியர்கள் கடிதம் எழுதுமுன் ஒன்று. சாரனும் இரவல்தான். பழவேற்காட்டுத் துறையிலிருந்து கட்டம்போட்ட துணி கப்பல் கப்பலாகத் தென்கிழக்காசியாவுக்குப் போனது. அங்கே உடுத்திய முறை கடல்வழியே நம் பக்கம் வந்தது. இரவல் வாங்கியதை நெய்யவும் பழகிவிட்டால் அது நம்முடையது என்பது என் கட்சி. குமாரசுவாமி ஒத்துக்கொள்வாரோ என்னவோ.

பத்திரிகை கேட்ட வேலையையும் செய்தேன், என் கணக்கில். அலுமாரியைத் திறந்து, எதை உண்மையில் உடுக்கிறேன் என்று பார்த்தேன். கலியாண வீட்டுக்கென்று வைத்த நீளக் காற்சட்டைகள் நான்கு, இடுப்பு இப்போது ஒத்துழைக்காதவை. அவற்றைத் தங்கையின் மகனுக்குக் கொடுத்தாயிற்று. கழுத்தில் பெயர் வெட்டிய சேட்டுகளில் பை வைத்தவை மட்டும் தங்கின. மிச்சம் எல்லாம் சாரன்.

அதைத்தான் வீட்டில் உடுக்கிறேன், கடைக்குப் போகிறேன், பிள்ளையார் கோயில் வீதியிலும் நடக்கிறேன். அலுவலகப் படி ஏற மட்டும் ஆகாதாம். வெள்ளைச் சாரனும் நீளச் சட்டையுமாய் மந்திரிமார் பாராளுமன்றத்துக்குப் போகிறார்கள், அது தேசிய உடை. கட்டம் போட்டால் மரியாதையில்லை. மாரியில் ஒருநாள் அலுவலகம் ஒன்றின் வாசலில், முழங்கால் வரை நனைந்த விவசாயி ஒருவரைக் காற்சட்டை போட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் கண்டேன். உரமானியப் படிவம் அவர் கையில் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது.

எனக்கும் அடுத்த கிழமை அங்கே ஒரு படிவம் கொடுக்க வேண்டியிருக்கிறது. நீலச் சாரனை இன்று மூட்டக் கொடுத்திருக்கிறேன். வெள்ளைச் சேட்டும், செருப்பும், ஓய்வூதிய அட்டையும் தயார். வாசலில் நிற்பவர் என்ன சொன்னார் என்று எழுதுகிறேன்.